பெரிய எழுத்து ஏன் கண்ணில் படுவதில்லை?

அமெரிக்காவின் இன்றைய மக்கள்தொகை எவ்வளவு? அந்நாட்டுக் கணக்கெடுப்புத் துறையின் இணையதள முகப்பைத் திறந்து வைத்து இந்த ஒரு கேள்விக்கு விடை பயனர்களைத் தேடச் சொன்னது இணையப் பயன்பாட்டு ஆய்வாளர் ஜேக்கப் நீல்சனின் ஆய்வுக்குழு. 2007-இல் வெளியான அதன் முடிவு திகைக்க வைப்பது: 100-க்கு 86 பேர் விடையைக் காணவில்லை. அந்த எண் எங்கும் ஒளிந்திருக்கவில்லை. அதே பக்கத்தில், சிவப்பு நிறத்தில், மற்ற எழுத்துகளைவிடப் பெரிதாக இருந்தது. என் பார்வையில், அப்படி எடுப்பாக இருந்ததுதான் சிக்கலே.

நம் கண் துல்லியமாகப் பார்க்கும் பரப்பு மிகச் சிறியது. கையை நீட்டிப் பிடித்தால் கட்டைவிரல் அகலம் எவ்வளவோ, ஏறக்குறைய அவ்வளவுதான். மற்றதெல்லாம் மங்கல். அந்த மங்கலில் தெரியும் நிறத்தையும் வடிவத்தையும் கொண்டே அடுத்து எங்கே பார்ப்பது என்று மூளை முடிவெடுக்கிறது. பளிச்சென்ற நிறத்தில், தனியே ஒதுங்கி நிற்பது விளம்பரம் என்பது இணையத்தில் உலவுபவர்களுக்குப் பழகிப்போன பாடம். படிக்காமலே கண் தாண்டிவிடுகிறது. ரைஸ் பல்கலைக்கழகத்தின் பென்வே, லேன் இருவரும் 1998-லேயே இதைச் சோதித்துக் காட்டி, 'பேனர் பிளைண்ட்னஸ்' (விளம்பரப் பட்டை கண்ணில் படாமை) என்று பெயரும் வைத்தார்கள். கணக்கெடுப்புத் துறையின் பக்கத்தில் இன்னொரு தடையும் சேர்ந்துகொண்டது. அந்த எண்ணுக்கு வைத்த தலைப்பு 'மக்கள்தொகைக் கடிகாரங்கள்'. மக்கள்தொகையைத் தேடுகிறவர் கடிகாரத்தையா தேடுவார்? அது அலுவலகத்துக்குள் பிறந்த பெயர். வெளியிலிருந்து வருபவருக்கு அது எதையும் உணர்த்தாது.

பொறுமையாகப் படித்திருந்தால் கிடைத்திருக்குமே என்று சிலர் கேட்கலாம். ஒருவர் இருவர் தவறவிட்டால் அவர்களைக் குறை சொல்லலாம். 86 பேர் தவறவிட்டால் குறை பக்கத்தில்தான். அதோடு, கண்ட விளம்பரத்தையெல்லாம் படித்துக்கொண்டிருந்தால் வேலை ஓடாது. தாண்டிப் போவது கண் கற்றுக்கொண்ட சிக்கனம். தேடுபொறி இருக்கும்போது வடிவமைப்பு எதற்கு என்ற கேள்விக்கு இன்னும் வலு உண்டு. ஆனால் தேடுபொறி நம்மைப் பக்கத்தின் வாசல்வரை கொண்டுவிடும், அவ்வளவே. அந்த 86 பேரும் சரியான பக்கத்துக்குள் வந்தபிறகுதான் தோற்றார்கள். ரயில் நேரமோ, மருந்தின் அளவோ, விண்ணப்பத்தின் கடைசி நாளோ தேடி வருபவருக்கு அந்தத் தோல்வியின் விலை பெரிது.

ஆகவே, இணையப் பக்கம் அமைப்பவர்களே, முக்கியமான தகவலை வண்ணப் பெட்டிக்குள் வைக்காதீர்கள். வாசகர் கேட்கும் சொல்லையே தலைப்பாக்கி, சாதாரண எழுத்தில், மற்ற வரிகளோடு வரியாக எழுதுங்கள். வெளியிடும் முன், அந்தப் பக்கத்தை இதுவரை பார்த்திராத ஐந்து பேரிடம் ஒரு கேள்வியைக் கொடுத்துத் தேடச் சொல்லி, அருகில் பேசாமல் உட்கார்ந்து பாருங்கள்.