கயிறு கற்பித்த பாடம்

அஞ்சாதவன் தலைவன், ஆம். ஆனால், "எனக்குத் தெரியவில்லை" என்று சொல்ல அஞ்சுகிறவன் தலைவனா?

அமெரிக்காவிலே, கலிபோர்னியாவின் ஃபிரீமான்ட் நகரிலே, ஜெனரல் மோட்டார்ஸ் கார்த் தொழிற்சாலை. பழுது கண்ணில் பட்டாலும் வேலை ஓட்டத்தை நிறுத்தாதே என்பது அங்கே எழுதாத சட்டம். விளைவு? பழுது பெருகிற்று, பழி தொழிலாளி தலையில் விழுந்தது. 1982ல் பூட்டு!

1984ல் ஜப்பானின் டொயோட்டா கூட்டுச் சேர, கதவு திறந்தது. உள்ளே வந்தவர்களில் பெரும்பாலோர் பழைய தொழிலாளரே, பழைய சங்கமே! புதிதாக வந்தது ஒரு கயிறு. குறை கண்டவர் இழுக்கலாம். குழுத் தலைவர் ஓடிவருவார், மிரட்ட அல்ல, உதவ! குறை தீராவிட்டால் ஓட்டமே நிற்கும். தரம் உயர்ந்தது, வேலைக்கு வராதோர் தொகை குறைந்தது.

முதலாளிக்கு இரக்கமா பிறந்தது? இல்லை, இலாபக் கணக்குத்தான்! ஆயினும் அக்கணக்குக்குள்ளே ஓர் ஒப்புதல் இருக்கிறது: மேலிருப்பவன் காணாததைக் கீழிருப்பவன் காண்கிறான்.

2010ல் அந்தக் கூட்டு ஆலை மூடப்பட்டது, பாடம் மூடப்படவில்லை. தோழர்களே, மானேஜரைப் பார்த்து மட்டும் இதைச் சொல்லாதீர்! சங்கத் தலைவரும் கிளைச் செயலாளரும் தம்மையே கேட்கட்டும்: என் கூட்டத்தில், கடைசி வரிசைத் தோழன் இழுக்க ஒரு கயிறு உண்டா?