பெண்களுக்கான ரிவால்வர்... பீரோ சாவி யாரிடம்?

2014 ஜனவரியில் ‘நிர்பீக்’ என்ற ரிவால்வர் சந்தைக்கு வந்தது. கான்பூரில் உள்ள அரசு ஆயுதத் தொழிற்சாலையின் தயாரிப்பு. டைட்டானியம் கலந்த உலோகம், அரை கிலோ எடை, .32 காலிபர், ஆறு தோட்டாக்கள். அப்போதைய விலை 1,22,360 ரூபாய். நகைப்பெட்டி போன்ற அழகான பெட்டியில் வைத்து, பெண்களுக்கான ரிவால்வர் என்றே விற்றார்கள். டெல்லியில் 2012 டிசம்பரில் ஒரு மாணவி கூட்டுப் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாகி இறந்த கொடுமை நடந்து அப்போது ஓராண்டுதான் ஆகியிருந்தது.

2023 ஆகஸ்டில் ‘பிரபல்’ என்ற ரிவால்வர் வந்தது. இதுவும் கான்பூர், இதுவும் .32 காலிபர். எடை 700 கிராம், 50 மீட்டர் வரை சுடும். பெண்களும் எளிதாகக் கையாளலாம் என்ற பேச்சு இதற்கும் கூடவே வந்தது. ராணுவமும் போலீஸும் பயன்படுத்தும் காலிபர்கள் பொதுமக்களுக்குத் தடை. வெளிநாட்டுத் துப்பாக்கியைத் தனிநபர் இறக்குமதி செய்யும் வழியும் 1980களிலேயே அடைபட்டுவிட்டது. அதனால் லைசென்ஸ் கிடைத்தவர்களில் பலர் அரசுத் தயாரிப்பைத் தேடித்தான் போகிறார்கள்.

பெண்களுக்கென்று துப்பாக்கி விற்கும் இந்த விளம்பரங்கள் சொல்லும் ஆபத்து, இருட்டுச் சந்தில் வரும் முகம் தெரியாத ஆள். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் புள்ளிவிவரம் சொல்வது வேறு. பெண்களுக்கு எதிரான குற்றங்களில் ஆண்டுதோறும் முதலிடம், கணவனும் அவன் வீட்டாரும் செய்யும் கொடுமைக்கு. பாலியல் வன்கொடுமை வழக்குகளிலும் பத்தில் ஒன்பதுக்கு மேல் குற்றம்சாட்டப்பட்டவர் அந்தப் பெண்ணுக்குத் தெரிந்தவர்தான். அப்படியிருக்க, அந்த ரிவால்வர் எந்த வீட்டுக்குப் போகிறது? லைசென்ஸ் மனைவி பெயரிலேயே இருக்கட்டும். பீரோவும் சாவியும் இருவருக்கும் பொது. குடித்துவிட்டு வரும் கணவன் கைக்கு அது எட்ட எவ்வளவு நேரமாகும்? விரக்தியில் இருக்கும் பிள்ளைக்கு? தூக்க மாத்திரை விழுங்கியவரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடலாம். தோட்டா அந்த அவகாசத்தைத் தராது. வீட்டில் துப்பாக்கி இருந்தால் அங்கே தற்கொலையும் கொலையும் நடக்கும் அபாயம் கூடுகிறது என்று அமெரிக்க ஆய்வுகள் முப்பது ஆண்டுகளாகச் சொல்லி வருகின்றன.

துப்பாக்கி கையில் இருந்தால் துணிச்சல் வருகிறது என்று சொல்லும் பெண்களும் உண்டு. அந்தத் துணிச்சலுக்கு லட்சத்துக்கு மேல் செலவழிக்கக்கூடிய பெண்கள் எத்தனை பேர்?

துப்பாக்கி லைசென்ஸை முறைப்படுத்தும் 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டத்தை 2019-ல் திருத்தினார்கள். ஒருவர் மூன்று துப்பாக்கி வைத்திருக்கலாம் என்பது இரண்டானது. கல்யாண ஊர்வலங்களில் வானத்தை நோக்கிச் சுட்டுப் பிறர் உயிருக்கு ஆபத்து விளைவித்தால் இரண்டு ஆண்டு வரை சிறை என்றானது. நல்லதுதான். அதே திருத்தம் லைசென்ஸ் காலத்தை 3 ஆண்டிலிருந்து 5 ஆண்டாக நீட்டிவிட்டது. ஐந்து ஆண்டில் ஒரு குடும்பத்தில் எதுவும் நடக்கலாம்.

அதிகாரிகளே, லைசென்ஸ் கேட்டு மனு வந்தால் அந்த வீட்டுப் பெண்களைத் தனியே அழைத்து விசாரியுங்கள். புதுப்பிக்கும்போதும் அதையே செய்யுங்கள். அடிதடி என்று ஒரு புகார் வந்தாலும், வழக்கு முடியும்வரை காத்திராமல் அன்றைக்கே துப்பாக்கியை வாங்கி ஸ்டேஷனில் வையுங்கள்.