வழி சொல்பவர் நம்பத்தக்கவரா? பொது டி.என்.எஸ். சேவையகத்தைத் தேர்ந்தெடுக்கும் முறை

இணைய வங்கிச் சேவையைப் பெற வங்கியின் முகவரியை எழுத்துகளில் தட்டச்சு செய்கிறோம். கணினிகளோ ஒன்றையொன்று எண்களால் அடையாளம் காண்கின்றன. நாம் தரும் பெயருக்குரிய எண்ணைத் தேடித் தரும் ஏற்பாடே டி.என்.எஸ். எனப்படுகிறது. அமெரிக்கக் கணினி அறிவியலாளர் பால் மொகபெட்ரிஸ் 1983ஆம் ஆண்டில் வடிவமைத்த இவ்வேற்பாடு இன்றும் இணையத்தின் அடித்தளமாக விளங்குகிறது.

வழக்கமாக இப்பணியை நம் இணையச் சேவை நிறுவனத்தின் சேவையகம் செய்கிறது. அதற்கு மாற்றாக, எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தத்தக்க பொதுச் சேவையகங்களும் உள்ளன. கூகுள் நிறுவனம் 2009 முதல் 8.8.8.8 என்னும் எண்ணிலும், குவாட்9 அமைப்பு 2017 முதல் 9.9.9.9 என்னும் எண்ணிலும், கிளவுட்ஃபிளேர் நிறுவனம் 2018 முதல் 1.1.1.1 என்னும் எண்ணிலும் இச்சேவையை வழங்கி வருகின்றன.

இவற்றுள் எது வேகமானது என்பதற்குப் பொதுவான விடை இல்லை. சேவையகம் நமக்கு எவ்வளவு அருகில் உள்ளது என்பதைப் பொறுத்தே வேகம் அமையும். மும்பையில் விரைவாக விடை தருவது குவாஹாத்தியில் தாமதிக்கலாம். எனவே ஒவ்வொன்றையும் சில நாட்கள் பயன்படுத்திப் பார்ப்பதே சிறந்த சோதனை. எனினும், வேறுபாடு பெரும்பாலும் மில்லி வினாடிகளில்தான் இருக்கும். பக்கம் திறக்கத் தொடங்குவது சற்று விரைவாகலாமே தவிர, காணொளி பதிவிறங்கும் வேகம் இதனால் பெருகிவிடாது.

வேகத்தைக் காட்டிலும் நம்பகத்தன்மையே முதன்மையானது. வழி சொல்பவர் தவறான வழியைக் காட்டினால், சரியான முகவரியைத் தட்டச்சு செய்தும் போலித் தளத்தை அடைய நேரிடும். டி.என்.எஸ். சேஞ்சர் என்னும் தீநிரல் இதற்குச் சான்று. கணினிகளின் அமைப்பை மாற்றி, மோசடியாளர்களின் சேவையகங்களையே வழி கேட்க வைத்தது அது. 2011ஆம் ஆண்டில் அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ. அக்கும்பலை முடக்கியபோது, நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளில் சுமார் 40 லட்சம் கணினிகள் பாதிக்கப்பட்டிருந்தது தெரியவந்தது.

ஆகவே, தேர்ந்தெடுக்குமுன் நான்கு கேள்விகளை எழுப்புவது நலம். நடத்தும் நிறுவனம் அறியப்பட்டதா? நாம் பார்க்கும் தளங்களின் பதிவுகளை எவ்வளவு காலம் வைத்திருக்கிறது? விடை இடையில் திருத்தப்படவில்லை என உறுதிசெய்யும் டி.என்.எஸ்.செக். சோதனையைச் செய்கிறதா? கேள்வியையும் விடையையும் மறையாக்கம் செய்து அனுப்பும் வசதி உண்டா? மேற்கூறிய மூன்று சேவைகளும் இச்சோதனையையும் மறையாக்க வசதியையும் அளிக்கின்றன. தீங்கு விளைவிப்பவை என அறியப்பட்ட தளங்களைத் தடுப்பது குவாட்9 சேவையின் கூடுதல் சிறப்பு.

ஆண்ட்ராய்டு 9 மற்றும் அதற்குப் பிந்தைய திறன்பேசிகளில் ‘தனிப்பட்ட டி.என்.எஸ்.’ என்னும் அமைப்பு உள்ளது. அதில் எண்ணுக்குப் பதிலாக, சேவை நிறுவனம் தன் தளத்தில் அறிவித்துள்ள பெயரை இட வேண்டும். மறையாக்கமும் உடன் கிடைக்கும். வீட்டு ரவுட்டரில் மாற்றினால் வீட்டிலுள்ள எல்லாக் கருவிகளுக்கும் அது பொருந்தும். ஆனால் எண்ணை மட்டும் இடுவதால் மறையாக்கம் கிடைத்துவிடாது. ரவுட்டருடன் வந்த கடவுச்சொல்லையும் தவறாமல் மாற்றிவிடுங்கள். அதை மாற்றாதிருப்பது, அமைப்பைத் திருத்த விரும்பும் மோசடியாளருக்குக் கதவைத் திறந்து வைப்பதற்கு ஒப்பாகும்.

நல்ல சேவையகமும் எல்லா ஆபத்துகளையும் தடுத்துவிடாது. குறுஞ்செய்தியில் வரும் போலி இணைப்பை நாமே தொட்டால், அந்தப் போலிப் பெயருக்குரிய எண்ணைத்தான் அது தரும். இதனை உணர்ந்தே, இந்திய வங்கிகள் ‘.பேங்க்.இன்’ என முடியும் முகவரிகளுக்கு 2025 அக்டோபர் 31க்குள் மாற வேண்டுமென ரிசர்வ் வங்கி பணித்தது. முகவரியின் இறுதிப் பகுதியைப் படித்த பின்னரே கடவுச்சொல்லை இடுங்கள். ‘இந்த இணைப்பு பாதுகாப்பானதன்று’ என்னும் பொருள்பட உலாவி எச்சரித்தால், அதைக் கடந்து செல்ல வேண்டாம்.

டி.என்.எஸ். அமைப்பை மாற்றும்படி எங்கள் ஊழியர் எவரும் தொலைபேசியில் கேட்பதில்லை. அவ்வாறு அழைப்பு வந்தால் உடனே துண்டித்துவிடுங்கள். பணம் இழக்க நேர்ந்தால், 1930 என்னும் தேசிய சைபர் குற்ற உதவி எண்ணுக்கும் வங்கிக்கும் தாமதமின்றித் தெரிவியுங்கள்.