ஏரி மண்ணில் எழுந்த நகரம்

1985 செப்டம்பர் 19 காலை மெக்சிகோவின் பசிபிக் கரையோரம் 8.0 அளவில் நிலம் நடுங்கியது. ஆனால் பேரழிவு நேர்ந்தது மையத்திலிருந்து சுமார் 350 கிலோமீட்டர் தள்ளியிருந்த தலைநகர் மெக்சிகோ சிட்டியில்தான். அங்கும் சேதம் சீராக இல்லை. தெற்கே எரிமலைப் பாறைமேல் நிற்கும் பல்கலைக்கழக வளாகம் ஏறக்குறைய தப்பியது. நகரின் நடுவே நூற்றுக்கணக்கான கட்டடங்கள் சரிந்தன. பாறையில் பதிவானதைவிட அங்கே நில அதிர்வின் முடுக்கம் நான்கு மடங்குக்கும் மேல். காரணம் மண். நகரின் பழைய பகுதி, வற்றவைக்கப்பட்ட டெக்ஸ்கோகோ ஏரியின் மேல் எழுந்தது. அடியில் இருப்பது நீர் ஊறிய மென்களிமண். கெட்டிப் பாறையில் விரைந்து வரும் அலை இளகிய மண்ணில் வேகம் குறையும். குறையக் குறைய அதன் வீச்சு பெருகும்.

அந்தக் களிமண் சுமார் இரண்டு வினாடிக்கு ஒருமுறை ஆடியது. ஒவ்வொரு கட்டடத்துக்கும் இயல்பான ஆட்ட நேரம் ஒன்று உண்டு. உயரம் கூடக் கூட அதுவும் நீளும். ஊஞ்சலைச் சரியான தருணத்தில் தள்ளிக்கொண்டே இருந்தால் வீச்சு கூடுவதுபோல, மண்ணின் ஆட்டத்தோடு தன் ஆட்டம் ஒத்துப்போன கட்டடம் சிக்கிக்கொண்டது. அதிகம் அடிபட்டவை 6 முதல் 15 மாடி வரையிலானவை. மட்டமான கட்டுமானத்துக்கு மண்ணின் மேல் பழியா என்று கேட்கலாம். பலவீனமான தூண்கள் உயிரைக் குடித்தன என்பது உண்மைதான். ஆனால் கட்டுமானம் மட்டுமே காரணமென்றால், அதே நகரில் பாறைமேல் நின்றவையும் அதே அளவு விழுந்திருக்க வேண்டும், அப்படி நடக்கவில்லை. 44 மாடி லத்தீன் அமெரிக்கக் கோபுரமோ அந்தக் களிமண் பகுதியிலேயே நின்றது: அதன் ஆட்ட நேரம் வேறு, அஸ்திவாரத் தூண்கள் ஆழத்திலுள்ள கெட்டி அடுக்கைத் தொட்டவை.

அப்படியானால் நடுத்தர உயரத்தைத் தவிர்த்தால் போதுமா? போதாது. 2017இல் அதே தேதியில் 7.1 அளவில் நகருக்கு இன்னும் அருகில் நிலம் நடுங்கியபோது, களிமண் அடுக்கு மெலிந்த ஏரியோரப் பகுதிகளில் குட்டையான கட்டடங்களே அதிகம் அடிபட்டன. மண்ணையும் உயரத்தையும் சேர்த்தே பார்க்க வேண்டும். 2001 குஜராத் நிலநடுக்கத்தில் மையத்திலிருந்து 200 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி, சபர்மதி ஆற்று வண்டல் படிந்த அகமதாபாத்தில் அடுக்குமாடிகள் இடிந்ததும் அதைத்தான் சொல்கிறது. நம் ஊர் எந்த நில அதிர்வு மண்டலத்தில் வருகிறது என்பதோடு நின்றுவிடாதீர்கள். ஏரியையோ சதுப்பையோ தூர்த்த நிலத்தில் வீடு வாங்குமுன், மண் பரிசோதனை அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். அஸ்திவாரம் அதன்படி போடப்பட்டதா என்று பொறியாளரிடம் விசாரியுங்கள்.