பழைய கம்ப்யூட்டரில் கேம் திணறுதா? ப்ராசஸரை ‘ஓவர்கிளாக்’ பண்ணும் முன் இதைப் பாருங்க!

ஆசையாக ஒரு கேமை டவுன்லோடு செய்து திறந்தால், படம் விட்டு விட்டு நகர்கிறது. விஷயம் தெரிந்த நண்பரிடம் கேட்டால், "ப்ராசஸரை ஓவர்கிளாக் பண்ணு மச்சி, பறக்கும்" என்பார். கடையில் கேட்டால், "இது ரொம்ப பழசு சார், புதுசு வாங்கிடுங்க" என்பார்கள். யார் சொல்வது சரி? ரெண்டு பேர் சொல்றதும் பாதி தான் சரி. உங்கள் கம்ப்யூட்டருக்கு எந்தப் பாதி பொருந்தும் என்பதை பத்து பைசா செலவில்லாமல் பத்தே நிமிடத்தில் பார்த்துவிடலாம்.

ஓவர்கிளாக் என்றால் என்ன?

ப்ராசஸர் ஒரு தாளத்துக்கு வேலை செய்கிறது. 2011 ஜனவரியில் வந்து, இன்றும் பலர் வைத்திருக்கும் இன்டெல் கோர் ஐ5-2500கே சிப்பையே எடுத்துக்கொள்வோம். அதன் அடிப்படைத் தாளம் 100 மெகாஹெர்ட்ஸ். அதை 33 என்ற ‘மல்டிப்ளையர்’ எண்ணால் பெருக்கினால் 3,300 மெகாஹெர்ட்ஸ், அதாவது 3.3 கிகாஹெர்ட்ஸ். அந்த 33-ஐ 45 என்று மாற்றினால் 4.5 கிகாஹெர்ட்ஸ். கம்பெனி வைத்த வேகத்தைத் தாண்டி ஓட வைப்பதுதான் ஓவர்கிளாக். வேற மாயம் எதுவும் இல்லை.

அவ்வளவு வேகம் உள்ளே இருந்தால் கம்பெனியே ஏன் கொடுக்கவில்லை? ஒரே தொழிற்சாலையில் வந்தாலும் எல்லா சிப்பும் ஒரே தரத்தில் இருக்காது. சுமாரான சிப், கூடவே வரும் சின்ன ஃபேன், காற்றோட்டமே இல்லாத அறை என எல்லாவற்றையும் கணக்கில் வைத்துத்தான் வேகத்தை நிர்ணயிப்பார்கள். அந்த மிச்ச இடத்தில்தான் ஓவர்கிளாக்கர்கள் விளையாடுகிறார்கள். 1998-ல் வந்த இன்டெல் செலிரான் 300ஏ இதற்கு பேர் போனது. 300 மெகாஹெர்ட்ஸ் சிப், 450-ல் அலுங்காமல் ஓடியது. அந்த ராசியெல்லாம் எல்லா சிப்புக்கும் வாய்க்காது.

திணறுவது ப்ராசஸரா, கிராபிக்ஸ் கார்டா?

இந்தக் கேள்வியைக் கேட்காமல்தான் பலர் நேராக பயாஸுக்குள் போய்விடுகிறார்கள். கேம் ஓடும்போது எதிரி எங்கே வருகிறான், கார் எதில் மோதியது என்ற கணக்கையெல்லாம் ப்ராசஸர் போடும். அதைப் படமாக வரைவது கிராபிக்ஸ் கார்டு. ரெண்டில் எது மெதுவோ, அதன் வேகம்தான் உங்கள் திரையில் தெரியும்.

சோதனை சிம்பிள். கேம் செட்டிங்ஸில் ‘வி-சிங்க்’கையும், எஃப்பிஎஸ் கட்டுப்பாடு இருந்தால் அதையும் ஆஃப் செய்யுங்கள். ஒரே இடத்தில் நின்று எஃப்பிஎஸ் எவ்வளவு என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ரெசல்யூஷனை 1920×1080-லிருந்து 1280×720 ஆகக் குறையுங்கள். எஃப்பிஎஸ் சட்டென ஏறினால், இதுவரை மூச்சு வாங்கியது கிராபிக்ஸ் கார்டு. ப்ராசஸரை எவ்வளவு முடுக்கினாலும் பிரயோஜனம் இல்லை, இதோடு நிறுத்திக்கொள்ளலாம். ஏறவே இல்லை, அதே 45-லேயே நிற்கிறது என்றால் பிரச்னை ப்ராசஸர் பக்கம். மேலே படியுங்கள்.

அதற்கு முன் இன்னொன்று. 100 டிகிரியை நெருங்கினால் ப்ராசஸர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள தானாகவே வேகத்தைக் குறைக்கும். பத்து வருஷ தூசி அடைத்த ஹீட்சிங்க், காய்ந்து பொடியாகிப்போன தெர்மல் பேஸ்ட் உள்ள கம்ப்யூட்டர், தனக்கு விதிக்கப்பட்ட வேகத்தில்கூட ஓடாமல் இருக்கலாம். ‘எச்டபிள்யூஇன்ஃபோ’ என்ற இலவச மென்பொருளில், கேம் ஓடும்போது வெப்பநிலை எவ்வளவு போகிறது என்று பாருங்கள். 90-க்கு மேல் என்றால் முதலில் தூசியைத் தட்டி, புது பேஸ்ட் போடுங்கள். சிலருக்கு இத்தோடு வேலை முடிந்துவிடும்.

‘கே’ என்ற எழுத்து இருக்கா?

ஓவர்கிளாக் எல்லா சிப்பிலும் நடக்காது. இன்டெல்லில் பெயரின் கடைசியில் ‘கே’ இருந்தால்தான் மல்டிப்ளையர் பூட்டு முழுதாகத் திறந்திருக்கும். ஐ5-2500கே ஓகே, ஐ5-2400 கிட்டத்தட்ட நாட் ஓகே. மதர்போர்டும் ஒத்துழைக்க வேண்டும். 2500கே-வுக்கு பி67, இசட்68, இசட்77 சிப்செட் உள்ள போர்டு வேண்டும். நம்ம ஊரில் அசெம்பிள் செய்த அந்தக் காலத்து கம்ப்யூட்டர்களில் அதிகம் இருப்பது விலை குறைந்த எச்61. அதில் ‘கே’ சிப்பையே போட்டாலும் மல்டிப்ளையரை ஏற்ற முடியாது. செகண்ட் ஹேண்டில் ‘ஓவர்கிளாக் சிப்’ என்று சொல்லி விற்றால், வாங்கும் முன் உங்கள் போர்டின் பெயரைப் பார்த்துவிடுங்கள்.

ஏஎம்டி எஃப்எக்ஸ் சிப்களில் இந்தப் பூட்டு கிடையாது. ஆனால் எஃப்எக்ஸ்-8350 சாதாரணமாகவே 125 வாட் சூடு தள்ளும். லேப்டாப் வைத்திருப்பவர்கள் இந்த ஆசையை விட்டுவிடுவது நல்லது.

32 சதவீதம் வேகம், 54 சதவீதம் சூடு

நான்கு கோர்களும் ஒன்றாக உழைக்கும்போது 2500கே தானாகவே 3.4 கிகாஹெர்ட்ஸ் வரை போகும். அங்கிருந்து 4.5 என்றால் 32 சதவீதம் கூடுதல். 45 எஃப்பிஎஸ் வந்த இடத்தில் அதிகபட்சம் 59 வரலாம். நடைமுறையில் அதைவிடக் கொஞ்சம் குறைவாகத்தான் வரும்.

ஆனால் அந்த வேகத்தில் சிப் நிலையாக நிற்க வோல்டேஜையும் ஏற்ற வேண்டும். 1.25-லிருந்து 1.35 வோல்ட் என்று வைத்துக்கொள்வோம். பார்க்க சின்ன மாற்றம். ஆனால் மின்செலவு வேகத்தின் விகிதத்திலும், வோல்டேஜின் வர்க்கத்தின் விகிதத்திலும் ஏறும். கணக்குப் போட்டால் சுமார் 54 சதவீதம் கூடுதல் மின்சாரம். அத்தனையும் வெப்பமாகத்தான் வெளியே வரும். கம்பெனி கொடுத்த குட்டி கூலர் இதைத் தாங்காது, பெரிய டவர் கூலர் வேண்டும். எந்த ஏர் கூலரும் அறை வெப்பத்துக்குக் கீழே சிப்பைக் குளிர்விக்காது. மார்கழியில் 70 டிகிரியில் ஓடிய கம்ப்யூட்டர், அறையே 38 டிகிரி கொதிக்கும் மே மாதத்தில் 80-ஐத் தாண்டும். பேர் தெரியாத கம்பெனியின் பழைய எஸ்எம்பிஎஸ் இருந்தால், சிப்புக்கு முன்னாடி அது புகைந்துவிட வாய்ப்பு அதிகம்.

சரி, எல்லாம் இருக்கு. எப்படிப் பண்றது?

முதலில் பேக்கப். ஓவர்கிளாக் நிலையாக இல்லாவிட்டால் கம்ப்யூட்டர் ஆஃப் ஆவது மட்டும் நடக்காது. ஹார்ட் டிஸ்கில் எழுதப்படும் தகவலே தப்பாகப் போகலாம், விண்டோஸ் கெட்டுப்போகலாம். வீட்டு விசேஷ போட்டோ, பசங்களோட ப்ராஜெக்ட் எல்லாம் அதே டிஸ்கில்தான் இருக்கும். சிப் போனால் இன்னொன்று வாங்கலாம், அந்த போட்டோவை எந்தக் கடையில் வாங்குவது?

ஆன் செய்தவுடன் டெலீட் பட்டனைத் தட்டினால், பெரும்பாலான போர்டுகளில் பயாஸ் திறக்கும். சிபியூ ரேஷியோ என்று இருப்பதுதான் மல்டிப்ளையர். ஒரேயடியாக 45-க்குத் தாவாமல் இரண்டு இரண்டாக ஏற்றுங்கள். 100 மெகாஹெர்ட்ஸ் என்ற அடிப்படைத் தாளத்தில் மட்டும் கை வைக்காதீர்கள். இந்தத் தலைமுறை சிப்பில் சாட்டா, பிசிஐ எக்ஸ்பிரஸ் எல்லாம் அதை நம்பித்தான் ஓடுகின்றன. ஒவ்வொரு படியிலும் ‘ப்ரைம்95’ அல்லது ‘ஓசிசிடி’ மென்பொருளை அரை மணி நேரம் ஓட விடுங்கள். நீலத் திரை வந்தால் ஒரு படி இறங்குங்கள், அல்லது வோல்டேஜைத் துளி ஏற்றுங்கள். 1.35-ஐத் தாண்ட வேண்டாம். வெப்பம் 80-85 டிகிரியைத் தொட்டால் அதுதான் உங்கள் எல்லை. 4.2-லேயே நின்றாலும் பரவாயில்லை, 4.5-க்கும் அதற்கும் உள்ள வித்தியாசம் கேமில் லேசாகத்தான் தெரியும்.

கம்ப்யூட்டர் ஆன் ஆகவே இல்லையா? பதற வேண்டாம். பவர் கேபிளைப் பிடுங்கிவிட்டு, மதர்போர்டில் இருக்கும் நாணயம் போன்ற பேட்டரியை சில நிமிடம் கழற்றி மாட்டினால் பழைய செட்டிங்ஸ் திரும்பிவிடும்.

ஓவர்கிளாக்கால் முடியாதது

வேகம் கூடுமே தவிர, சிப்பில் இல்லாத வசதி புதிதாக முளைக்காது. ‘ஏவிஎக்ஸ்2’ என்ற கட்டளைத் தொகுப்பை இன்டெல் 2013-ல் வந்த ஹாஸ்வெல் சிப்களில்தான் சேர்த்தது. அதைக் கட்டாயமாகக் கேட்கும் கேம், 2500கே-வில் 5 கிகாஹெர்ட்ஸ் வைத்தாலும் திறக்காது. விண்டோஸ் 11-ன் ஆதரவுப் பட்டியலிலும் இந்த சிப் இல்லை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது.

அதைவிடப் பெரிய குறை, 2500கே-வில் இருப்பது நாலே த்ரெட். புது கேம்கள் வேலையை ஆறு, எட்டாகப் பிரித்துக் கொடுக்கின்றன. சராசரி எஃப்பிஎஸ் 60 காட்டினாலும் நடுநடுவே ‘டக் டக்’ என்று நின்று போவது இதனால்தான். எங்களைக் கேட்டால், ‘கே’ சிப்பும் நல்ல போர்டும் ஏற்கெனவே கையில் இருப்பவர்கள் முயற்சி செய்யலாம். ஓவர்கிளாக் செய்வதற்காகவே புதிதாக போர்டும் கூலரும் வாங்குவது வேஸ்ட். அந்தக் காசில் ஒற்றை ரேமை ஜோடியாக்கலாம், அல்லது அதே சாக்கெட்டில் உட்காரும் செகண்ட் ஹேண்ட் ஐ7-2600, ஐ7-3770 தேடலாம். ரெண்டிலும் எட்டு த்ரெட் உண்டு, எச்61 போர்டிலும் ஓடும். 3770 வாங்குவதாக இருந்தால் மட்டும், பழைய சிப்பைக் கழற்றும் முன்பே பயாஸை அப்டேட் செய்துவிடுங்கள். இல்லாவிட்டால் புது சிப்பை மாட்டியதும் திரையில் எதுவுமே வராமல் போகலாம்.