அடுத்த அத்தியாயம் எங்கே?

ஏப்ரல் கடைசி வாரம் கடலூருக்கு ராசியான வாரம் போலிருக்கிறது. 1906 ஏப்ரல் 25 அன்று திருப்பாதிரிப்புலியூரில் புதுமைப்பித்தன் பிறந்தார். 1934 ஏப்ரல் 24 அன்று, கெடிலத்துக்கு அக்கரையில் மஞ்சக்குப்பத்தில் ஜெயகாந்தன் பிறந்தார். இருவருக்கும் இடையே 28 வருஷம், அதில் ஒரு நாள் குறைவு. அங்கிருந்து தெற்கே பஸ்ஸில் போனால் சிதம்பரம். அரிசி ஆலையைப் பார்த்துக்கொள்ள அங்கே குடிவந்த மௌனி, 1985இல் காலமாகும்வரை அந்த ஊர்க்காரராகவே வாழ்ந்தார்.

தமிழ்ப் புனைகதையின் மூன்று பெரிய பெயர்கள் ஒரே வட்டாரத்தில். ஆனால் நாவல் என்று வரும்போது மூவரும் மூன்று திசை. ஜெயகாந்தன் நாவலும் குறுநாவலுமாக எழுதிக் குவித்தார். புதுமைப்பித்தன் ஒரு நாவலைத் தொடங்கினார், முடிக்கவில்லை. மௌனி அந்தப் பக்கமே போகவில்லை. இதற்குக் காரணம் சுபாவம், உடல்நிலை, காலம் என்று பல. அவற்றுக்கு நடுவே அதிகம் பேசப்படாத ஒன்றும் இருக்கிறது: யார், எத்தனை நாளுக்கு ஒருமுறை, அவர்களிடம் வந்து எழுத்தைக் கேட்டார்கள் என்பது.

நாவல் எழுத உட்கார்ந்த எல்லாருக்கும் தெரிந்த ஓர் இடம் உண்டு. முதல் ஐம்பது, அறுபது பக்கம் தானாக ஓடும். பாத்திரங்கள் வந்துவிடுவார்கள், ஊர் வந்துவிடும், ஒரு சண்டையோ காதலோ மூண்டிருக்கும். அதன் பிறகு கை நிற்கும். தொடக்கத்தில் இருந்த சூடு ஆறியிருக்கும், முடிவோ கண்ணுக்கு எட்டாது. பதிப்பகத்துக்குச் சொன்ன தேதி மட்டும் நகர்ந்து வந்துகொண்டே இருக்கும். ‘எழுதும் மனநிலை வரவில்லை’ என்று சொல்லத் தொடங்குவது இந்த இடத்தில்தான். தமிழில் பேர்பெற்ற நாவல்களில் பல இந்த இடத்தைத் தாண்டியது மனநிலையால் அல்ல, வாரப் பத்திரிகையால்.

ஜெயகாந்தன் பள்ளிப் படிப்பைத் தொடக்க வகுப்புகளோடு நிறுத்தியவர். சிறுவயதிலேயே சென்னைக்குப் போய் கம்யூனிஸ்ட் கட்சி அலுவலகத்தில் வளர்ந்தார், அச்சக வேலை பார்த்தார், கட்சிப் பத்திரிகை ‘ஜனசக்தி’யை விற்றார். எழுத்து என்பது ஈயமாகிக் காகிதத்தில் இறங்கும் ஒரு தொழில் என்பதை அவர் எழுத்தாளர் ஆகும் முன்பே கண்ணால் பார்த்திருந்தார். அறுபதுகளில் ‘ஆனந்த விகடன்’ அவரைத் தமிழ்நாட்டின் வீடுகளுக்குள் கொண்டுபோனது. ‘பாரீசுக்குப் போ’ விகடனில் தொடராக வந்தது. ‘ஒரு மனிதன் ஒரு வீடு ஒரு உலகம்’ நாவலும் அங்கேதான்.

இவற்றில் அதிகம் கற்றுத் தருவது ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ பிறந்த கதை. 1966இல் விகடனில் ‘அக்னிப் பிரவேசம்’ என்ற சிறுகதை வந்தது. மழை நாளில் ஒரு காரில் ஏறிக் கெட்டுப்போனதாக அழுதுகொண்டு வீடு திரும்பும் மகளைத் தாய் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக் குளிப்பாட்டி, நீ சுத்தமாகிவிட்டாய் என்று தேற்றுகிறாள். வாசகர்கள் கொதித்தார்கள். இப்படியும் ஒரு தாய் இருப்பாளா என்று சண்டை போட்டார்கள். வேறு ஒருவராக இருந்தால் பதில் கட்டுரை எழுதிவிட்டு ஓய்ந்திருப்பார். ஜெயகாந்தன் அந்தச் சண்டையையே எடுத்துக்கொண்டார். அந்தத் தாய் மகளை அணைத்துக்கொள்ளாமல் ஊரைக் கூட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அந்தக் கேள்வி கங்கா என்ற மகளின் கதையாக விரிந்து, ‘தினமணி கதிரில்’ ‘காலங்கள் மாறும்’ என்ற தலைப்பில் தொடராக ஓடியது. நூலாகும்போது தலைப்பு மாறியது. 1972இல் சாகித்ய அகாதெமி பரிசு கிடைத்தது. நாவலுக்குள்ளேயே ‘அக்னிப் பிரவேசம்’ எழுதிய எழுத்தாளர் ஒரு பாத்திரமாக வருவார். வாசகர் கோபத்தை எரிபொருளாக மாற்றிக்கொள்ளும் சாமர்த்தியம் எல்லாருக்கும் வாய்க்காது. ஆனால் கோபித்துக்கொள்ளவாவது ஒருவர் படித்துக்கொண்டிருந்தார் என்பதைக் கவனிக்க வேண்டும்.

தொடர்கதை எழுதுவது எப்படிப்பட்ட வேலை என்பது இன்றைய தலைமுறைக்குத் தெரியாமல் போகலாம். கைப்பிரதி வந்தால்தான் அச்சுக்கோப்பவர் எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி அடுக்க முடியும். அதற்கும் முன்பே ஓவியருக்குக் காட்சி தெரிந்தாக வேண்டும். கதாநாயகி இந்த வாரம் அழுகிறாளா, ரயில் ஏறுகிறாளா என்று அவர் கேட்பார். புரூஃப் பார்க்க ஒருவர், பக்கம் கட்ட ஒருவர். ஓர் அத்தியாயம் தாமதமானால் ஒரு கூட்டமே கைகட்டி நிற்கும். இத்தனை பேர் வாசலில் நிற்கும்போது, நாவலின் நடுப்பகுதி சோர்வு தருகிறது என்று சொல்லிக்கொண்டு மொட்டை மாடியில் உலாவ முடியாது.

தவிர, அந்தக் கெடு சின்னக் கெடு. நானூறு பக்கத்தை யாரும் கேட்கவில்லை. வியாழக்கிழமைக்குள் எட்டுப் பக்கம், அவ்வளவுதான். அது முடிந்தால் அடுத்த வியாழன். ‘தொடரும்’ என்று போடுவதற்கு முன் வாசகரை ஒரு முடிச்சில் நிறுத்த வேண்டும் என்பது பத்திரிகைச் சட்டம். அந்த முடிச்சு எழுதியவரையும் கட்டிப்போடும். அடுத்த வாரம் அதை அவிழ்த்தாக வேண்டிய ஆள் அவர்தானே. அடுத்து என்ன நடக்கும் என்று தெரிந்திருக்கும்போதே அன்றைய எழுத்தை நிறுத்திவிட வேண்டும் என்று ஹெமிங்வே சொன்னதும் கிட்டத்தட்ட இதையேதான்.

இந்த வட்டாரத்தில் தொடங்கும் ஒரு நாவல் இதற்குப் பெரிய சாட்சி. காட்டுமன்னார்கோவில் பக்கம் வீரநாராயண ஏரிக் கரையில், ஆடிப்பெருக்கன்று, குதிரை மேல் வந்தியத்தேவன் வருகிறான். நாம் வீராணம் என்கிற ஏரி அது. அவன் இரவு தங்கப் போகும் கடம்பூரும் தொலைவில் இல்லை. ‘பொன்னியின் செல்வன்’ 1950 அக்டோபர் இறுதியில் ‘கல்கி’ இதழில் தொடங்கி 1954இல் முடிந்தது. ஐந்து பாகம், 293 அத்தியாயம், மூன்றரை ஆண்டு. மணியம் படம் வரைந்தார். நாவலை எழுதிய கல்கியோ வெறும் தொடர் எழுத்தாளர் அல்ல, பத்திரிகையின் ஆசிரியரும் அவரே. தலையங்கம் எழுத வேண்டும், கச்சேரி விமரிசனம் எழுத வேண்டும். தன்னிடம் தானே வேலை வாங்கிக்கொண்ட மனிதர். 293 அத்தியாயத்தையும் எழுதி முடித்துவிட்டு அச்சுக்குத் தருகிறேன் என்று அவர் சொல்லியிருந்தால், அந்த நாவல் நமக்குக் கிடைத்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

புதுமைப்பித்தன் கெடு அறியாதவர் அல்லர். ‘மணிக்கொடி’யில் எழுதினார், ‘தினமணி’யில் வருஷக்கணக்கில் உதவி ஆசிரியராக இருந்தார். பத்திரிகை அலுவலகத்தில் இருப்பவனுக்குத் தினமும் ஒரு கெடுதான். ஆனால் அவரிடம் கேட்கப்பட்டவை சிறுகதை, மதிப்புரை, மொழிபெயர்ப்பு. ஒரே அமர்வில் எழுதி முடித்துக் கையைத் துடைத்துக்கொள்ளக்கூடியவை. அவரும் நூறு கதைகளுக்குக் குறையாமல் தந்தார். ‘சிற்றன்னை’ குறுநாவல் அளவில் நின்றது. ‘அன்னை இட்ட தீ’ என்ற நாவல் பாதியில் நின்றது. வாரா வாரம் அதைக் கேட்டு நச்சரிக்க ஒரு பத்திரிகை இருந்திருந்தால்? கேட்டுப் பார்க்கலாமே தவிர விடை கிடையாது. 1943இல் ‘தினமணி’யை விட்டு விலகிய பின் சினிமா வசனம் பக்கம் போனார். ‘ராஜமுக்தி’ படத்துக்காகப் புனேயில் இருந்தபோது காசநோய் முற்றியது. 1948 ஜூனில், 42 வயதில், திருவனந்தபுரத்தில் இறந்தார்.

மௌனியின் கதை இன்னும் விசித்திரமானது. கணிதம் படித்தவர், சங்கீதத்தில் தோய்ந்தவர், எழுத்தை நம்பிப் பிழைக்கும் தேவை இல்லாதவர். நினைத்தபோது எழுதலாம், எத்தனை முறை வேண்டுமானாலும் திருத்தலாம். இன்றைக்கு எழுத விரும்புகிற பலர் ஏங்கும் வாழ்க்கை அது. அந்தச் சுதந்திரத்தில் அவர் எழுதியவை மொத்தம் 24 கதைகள். சிறுகதையில் அவரைத் திருமூலரோடு ஒப்பிட்டார் புதுமைப்பித்தன். எண்ணிக்கையைக் காட்டி யாரும் மௌனியைக் குறைத்துப் பேச முடியாது, பேசவும் கூடாது. ஆனால் அந்தக் கதைகள் எப்போது வந்தன என்று பார்த்தால் ஒன்று புலப்படும். ‘மணிக்கொடி’யை நடத்திய பி.எஸ். ராமையா விடாமல் கேட்டு வாங்கிய முப்பதுகளின் பிற்பகுதியில்தான் அவற்றில் கணிசமானவை வெளிவந்தன. ‘மௌனி’ என்ற பெயரை வைத்ததும் ராமையாவே. அந்த இதழ் நின்றபின் இடைவெளிகள் நீண்டன. பிறகு எம்.வி. வெங்கட்ராம் ‘தேனீ’ நடத்தியபோது மறுபடி எழுத்து வந்தது. பெயரிலேயே பேசாமல் இருந்தவரையும் பேசவைக்க ஒரு ஆள் வேண்டியிருந்தது.

உலகம் முழுவதும் சொல்லப்படும் கெடுக் கதை ஒன்று உண்டு. கடனில் மூழ்கியிருந்த தஸ்தயேவ்ஸ்கி, ஸ்டெல்லோவ்ஸ்கி என்ற பதிப்பாளரிடம் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார். 1866 நவம்பர் 1க்குள் ஒரு புது நாவல் தராவிட்டால், ஒன்பது ஆண்டுகளுக்கு அவர் எழுத்தையெல்லாம் காசு கொடுக்காமல் பதிப்பாளர் அச்சிட்டுக்கொள்ளலாம். அக்டோபர் பிறந்தபோது கையில் ஒரு வரி இல்லை. அதே ஆண்டில் ‘குற்றமும் தண்டனையும்’ வேறு மாதாமாதம் ஓடிக்கொண்டிருந்தது. சுருக்கெழுத்து கற்ற அன்னா என்ற இருபது வயதுப் பெண்ணை வேலைக்கு வைத்து, 26 நாட்களில் ‘சூதாடி’யைச் சொல்லி முடித்தார். கெடு நாளில் பதிப்பாளர் ஊரில் இல்லாமல் நழுவிவிட, காவல் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொண்டார்.

பயம்தான் அவரை எழுத வைத்தது என்று இந்தக் கதையைச் சொல்வது வழக்கம். பயம் ஒரு வருஷத்துக்கும் மேலாக இருந்தது, அப்போது ஒரு வரிகூட வரவில்லையே. எழுத்து வந்தது, தினமும் குறித்த நேரத்தில் ஒருவர் வந்து எதிரே உட்கார்ந்த பிறகுதான். பகலில் அவர் சொல்வார், இரவில் அன்னா அதை விரித்து எழுதி மறுநாள் கொண்டுவருவார், இருவரும் சேர்ந்த பக்கங்களை எண்ணிப் பார்ப்பார்கள். மறு வருஷம் அவர்கள் கல்யாணம் செய்துகொண்டது தனிக் கதை.

வாரப் பத்திரிகைகளில் தொடர்கதையின் இடம் இப்போது சுருங்கிவிட்டது. இன்றைய நாவலாசிரியருக்கு இருக்கும் பெரிய கெடு சென்னைப் புத்தகக் கண்காட்சி. 1977இல் தொடங்கி, பெரும்பாலும் பொங்கலை ஒட்டி நடக்கிறது. அதற்குள் புத்தகம் வந்தாக வேண்டும் என்று டிசம்பரில் அச்சகங்கள் திணறும். கடலூர்க்காரர்களுக்கு இதில் கூடுதல் சங்கடம், ஏனென்றால் அது புயல் பருவம். 2011 டிசம்பர் 30 அன்று ‘தானே’ புயல் கடலூர்ப் பக்கம் கரையேறியபோது மாவட்டத்தின் பல ஊர்கள் நாள்கணக்கில் இருளில் கிடந்தன. அதையெல்லாம் விட்டாலும், வருஷத்துக்கு ஒரே ஒரு கெடு என்பது பதினோரு மாதம் சும்மா இருக்கக் கிடைத்த அனுமதிச் சீட்டு. பன்னிரண்டாவது மாதம் எழுதுவது நாவல் அல்ல, ஜுரம்.

ஆகவே பெரிய கெடுவைத் தானே நறுக்கிக்கொள்வதுதான் வழி என்று பலர் கண்டிருக்கிறார்கள். தபால் துறையில் வேலை பார்த்துக்கொண்டே நாற்பதுக்கு மேல் நாவல் எழுதிய ஆந்தனி டிராலப், கடிகாரத்தை முன்னால் வைத்துக் கால் மணிக்கு 250 சொல் என்று கணக்குப் போட்டார். 1999இல் சான்பிரான்சிஸ்கோவில் 21 பேர் தொடங்கிய ‘நானோரைமோ’ என்ற நாவல் எழுதும் சவாலில் நவம்பர் மாதத்துக்குள் 50,000 சொல், அதாவது நாளுக்கு 1,667. அந்த அமைப்பு 2025இல் மூடப்பட்டது, பழக்கம் போகவில்லை. ஆனால் ஆங்கிலக் கணக்கை அப்படியே தமிழில் வைத்தால் முதுகு ஒடியும். அங்கே நாலு சொல்லில் சொல்வது இங்கே ஒரே சொல்லில் அடங்கிவிடும். பக்கக் கணக்கே நமக்குத் தோது. ஜெயமோகன் மகாபாரதத்தை ‘வெண்முரசு’ என்ற வரிசையாக 2014 புத்தாண்டில் தொடங்கி, நாளுக்கோர் அத்தியாயமாக வெளியிட்டு, 26 நாவல்களாக 2020இல் முடித்தார். அங்கே பத்திரிகையும் இல்லை, வியாழக்கிழமையும் இல்லை. விடிந்ததும் படிக்கக் காத்திருந்த வாசகர்கள் இருந்தார்கள்.

அந்த அளவுக்குப் போக முடியாதவர்களுக்கு ஒரே ஒரு வாசகர் போதும். சனிக்கிழமை தோறும் பத்துப் பக்கத்தை வாங்கிப் படிக்கும் நண்பரோ, அக்காவோ, பழைய தமிழாசிரியரோ. அவர் விமரிசகராக இருக்கத் தேவையில்லை. பாதி எழுதிய நாவலைக் கிழித்துக் காயப்போடுபவராக இருந்தால் ஆகவே ஆகாது. ‘அப்புறம் என்ன ஆச்சு?’ என்று கேட்கத் தெரிந்தால் போதும்.

அந்தக் கேள்விக்கு ஓய்வே கிடையாது என்பதும் உண்மை. ‘பொன்னியின் செல்வன்’ முடிந்ததும் கல்கிக்கு நிம்மதி கிடைக்கவில்லை. அதெப்படி முடிக்கலாம், குந்தவை என்ன ஆனாள், வந்தியத்தேவன் என்ன ஆனான் என்று வாசகர்கள் கேட்டுத் துளைத்தார்கள். 293 அத்தியாயம் எழுதி முடித்திருந்தவர், அவர்களுக்குப் பதிலாகப் பாத்திரங்களின் பிற்கால வாழ்க்கையைச் சொல்லும் ஒரு முடிவுரையையும் உட்கார்ந்து எழுதிக் கொடுத்தார்.