பாதுகாப்பு: கேட்டு வாங்க வேண்டிய உரிமை

பகல் நேரம், கோயில், மக்கள் நடமாட்டம், கண்காணிப்பு கேமரா. இவ்வளவும் இருக்கும் இடத்தில் பிள்ளை பத்திரமாக இருப்பான் என்றுதான் எந்தத் தாயும் நம்புவார். 2015 ஜூன் 23 அன்று திருச்செங்கோடு அர்த்தநாரீஸ்வரர் கோயிலில் அந்த நம்பிக்கை பொய்த்தது. ஓமலூரைச் சேர்ந்த தலித் இளைஞர், பொறியியல் பட்டதாரி கோகுல்ராஜ், உடன் படித்த பெண்ணோடு பேசிக்கொண்டிருந்தபோது கடத்தப்பட்டார். மறுநாள் பள்ளிபாளையம் அருகே தண்டவாளத்தில், தலை துண்டிக்கப்பட்ட நிலையில் அவரது உடல் கிடந்தது. தற்கொலை என்று நம்பவைக்கவும் முயன்றார்கள்.

கோயில் கேமரா அவர் உயிரைக் காக்கவில்லை. ஆனால் அதில் பதிந்த காட்சிதான் பின்னர் வழக்கைக் காத்தது. ஏனென்றால், முக்கியச் சாட்சி உள்பட பலர் நீதிமன்றத்தில் பிறழ்சாட்சிகளாக மாறினார்கள். நாமக்கல்லில் விசாரணை நியாயமாக நடக்காது என்று அஞ்சிய தாய் உயர் நீதிமன்றத்தை நாடினார். வழக்கு மதுரைக்கு மாற்றப்பட்டது. 2022 மார்ச்சில் யுவராஜ் உள்ளிட்ட 10 பேருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. 2023 ஜூனில் யுவராஜின் ஆயுள் தண்டனையை உயர் நீதிமன்றம் உறுதி செய்தது.

இந்த வழக்கிலிருந்து நாம் கற்க வேண்டியது ஒன்று உண்டு. வாசலில் ஒரு காவலரை நிறுத்துவது மட்டும் பாதுகாப்பு ஆகாது. பயமின்றிச் சாட்சி சொல்ல முடிவதுதான் பாதுகாப்பு.

சட்டம் இதை நமக்கு உரிமையாகவே தந்திருக்கிறது. 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் உள்ள வன்கொடுமைத் தடுப்புச் சட்டத் திருத்தத்தின் 15ஏ பிரிவின்படி, பாதிக்கப்பட்டவர், அவரைச் சார்ந்தோர், சாட்சிகள் ஆகியோரைக் காப்பது அரசின் கடமை. எதிரிகள் ஜாமீன் கேட்டால் நம் தரப்பையும் நீதிமன்றம் கேட்க வேண்டும். பயணப்படி, வாழ்க்கைச் செலவு, தேவைப்பட்டால் வேறிடத்தில் குடியமர்த்தல் ஆகியவற்றுக்கும் அதில் இடம் உண்டு. சாதி மறுத்து இணைந்தவர்களுக்காக மாவட்டந்தோறும் சிறப்புப் பிரிவும், 24 மணி நேர உதவி எண்ணும் வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2016-லேயே உத்தரவிட்டது. 2018-ல் உச்ச நீதிமன்றமும் பாதுகாப்பு இல்லங்கள் அமைக்கச் சொன்னது.

ஆனால் இவை எதுவும் தானாக வீடு தேடி வராது. மிரட்டல் வந்த அன்றே நாள், நேரம், ஆள் பெயர் குறித்து எழுத்தில் மனு கொடுப்போம், ரசீது வாங்குவோம், நகலை வைத்துக்கொள்வோம். காவல் நிலையம் கைவிட்டால் மாவட்டக் கண்காணிப்பாளரிடமும் சிறப்பு நீதிமன்றத்திலும் கேட்போம். ஒரு தாய் தனியாகக் கேட்டார், வழக்கே ஊர் மாறியது. சாட்சி சொல்லப் போகிறவருக்காக ஊரே சேர்ந்து கேட்டால் எவர் மறுக்க முடியும்?